சம்பந்தியோடு மாலுக்குப் போன மத்தியானங்கள்

ஏப்ரல் 15, புதன்

இன்று மத்தியானம் நானும் சம்பந்தியம்மாளும் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டோம்.

வெளியேற்றியவன் நான் பெற்ற மகன் குற்றாலநாதன். என் மருமகள் தாரணி ஸ்கூட்டரில் இருந்து விழுந்து கால் எலும்பு முறிந்து, மாவுக்கட்டோடு கட்டிலில் இருக்கிறாள். அவளைக் கவனிக்க நான் பாளையங்கோட்டையில் இருந்து சென்னை வந்தேன். நான் ஒருத்தி போதாதா? அவளைப் பெற்ற சாந்தாமணி அம்மாளும் ஈரோட்டில் இருந்து வந்து சேர்ந்தார். வரும்போதே ஆட்டுக்கால்.

எலும்பு கூடுவதற்குப் பிரண்டைத் துவையல்தான் மருந்து என்று நான் சொன்னேன். ஆட்டுக்கால் சூப்தான் என்று அவர் சொன்னார். சைவ வீட்டில் வாழ வந்த பெண்ணுக்கு எதற்கு அது என்று கேட்டேன். அந்தப் பெண்ணின் எலும்பு சைவமாவதற்கு முன்பே உண்டான எலும்பு என்றார். இது சமையலறையில் நடந்தது. அடுத்த அறையில் தாரணி கட்டிலில் இருந்தபடியே லண்டன் ஆபீசோடு பேசிக்கொண்டிருந்தாளாம். ஆட்டுக்கால் என்றால் என்ன என்று லண்டனில் கேட்டார்களாம்.

நாதனும் வீட்டில் இருந்துதான் வேலை செய்கிறான். கழுத்தில் ஹெட்போனைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து கையெடுத்துக் கும்பிட்டான். "அம்மா, அத்தை, தினமும் ரெண்டு மணிக்கு வெளிய போயிட்டு அஞ்சு மணிக்கு வாங்க. எதுத்தாப்புல அம்மாம் பெரிய மால் இருக்கு. ஏசி இருக்கு. அங்க போய் எவ்வளவு வேணும்னாலும் சண்டை போடுங்க."

போனோம். வாசலிலேயே காவலாளி, சம்பந்தியம்மாளின் பையில் இருந்த பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டான். வெளி உணவுக்கு அனுமதி இல்லையாம். அவர் அங்கேயே நின்று மூடியில் காபியை ஊற்றி எனக்கு நீட்டினார். பொருள் வீணாகக் கூடாதே என்று குடித்தேன். சர்க்கரை அதிகம். மிச்சத்தைக் காவலாளியும் குடித்தான்.

உள்ளே எஸ்கலேட்டர் முன்னால் வந்ததும் சம்பந்தியம்மாள் ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிட்டார். "ஏனுங்க சம்பந்தி, இது நம்மளக் கேக்காமயே போகுதுங்களே" என்றார். பயந்த பெண்ணைத் தனியே விடுவது முறையல்ல என்பதால் நானும் லிப்டில் போனேன்.

ஏப்ரல் 16, வியாழன்

மறுபடியும் போனோம். பேசிக்கொள்ளவில்லை. ஏசி நன்றாக இருக்கிறது.

ஏப்ரல் 20, திங்கள்

நிலைமையை எழுதிவைப்பது நல்லது. மே மாதம் மாவுக்கட்டுப் பிரிக்கிறார்கள். அதன்பின் நடை பழகச் சில மாதம் ஆகும். அதுவரை கூட இருக்க ஒருவர் போதும் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. இருப்பது இரண்டு படுக்கையறை வீடு. ஓர் அறையில் நானும் அந்த அம்மாளும் ஒரே கட்டிலில் முதுகைக் காட்டிக்கொண்டு படுக்கிறோம்.

அந்த ஒருவர் நான்தான் என்பதில் சந்தேகமில்லை. கல்லூரி விடுதியில் வார்டனாக இருந்து எத்தனையோ பெண்களுக்குக் காய்ச்சல் பார்த்தவள் நான். ஆனால் போட்டியாளரைக் குறைவாக எடை போடக் கூடாது. அவர் பெற்ற தாய்.

எனவே ஓர் உத்தி வகுத்திருக்கிறேன். சாந்தாமணி அம்மாளுக்கு மால் பிடித்துவிட்டது. ஒவ்வொரு கடைக் கண்ணாடியாகப் பார்த்துக்கொண்டு நடக்கிறார். சுற்றட்டும். நன்றாகச் சுற்றட்டும். ஊர் சுற்றுகிறவரை நம்பி, காலொடிந்த பெண்ணை யார் விடுவார்கள்? தனியாகச் சுற்ற விட்டால் அவருக்குச் சந்தேகம் வரும். ஆகவே நானும் கூடச் சுற்ற வேண்டியிருக்கிறது.

இன்று வாசனைத் திரவியக் கடையில் இலவசமாக அடித்துவிட்டார்கள். அவருக்கு வலது மணிக்கட்டில் ஒன்று, இடது மணிக்கட்டில் ஒன்று. எனக்கும் அப்படியே. பிறகு முழங்கையிலும்.

வீட்டுக்கு வந்ததும் தாரணி மூக்கை உறிஞ்சி, "என்னம்மா வாசனை?" என்றாள்.

"வர்ற வழில கோயில்ல சந்தனம் குடுத்தாங்க கண்ணு" என்றார் சாந்தாமணி அம்மாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. சும்மா இருப்பது பொய் ஆகாது.

ஏப்ரல் 24, வெள்ளி

இரண்டாம் தளத்தில் ஒரு மெத்தைக் கடை. விற்பவர் பெயர் அருள்செல்வன். மீசையும் கழுத்தில் டையுமாக இருப்பார். கடையில் எப்போதும் ஆளே இருக்காது. எங்களைக் கண்டதும் ஓடிவந்தார். "மெத்தையப் படுத்துப் பாத்துத்தாம்மா வாங்கணும். கூச்சப்படாதீங்க, படுங்க."

சாந்தாமணி அம்மாள் படுத்தார். சேலை விலகாமல் காக்க நான் பக்கத்தில் படுத்தேன்.

"வீட்டுல விசேஷமாம்மா?" என்று அருள்செல்வன் கேட்டார்.

"கல்யாணமுங்க. இவிங்க பையனுக்கு" என்று அந்த அம்மாள் என்னைக் காட்டினார். எனக்கு இருப்பது ஒரே மகன். அவனுக்குக் கல்யாணம் ஆகி மூன்று வருஷம் ஆகிறது, அதுவும் இவர் மகளோடு. மறுக்கலாம் என்று வாயெடுத்தேன். மறுத்தால் எழுந்திருக்கச் சொல்வார்கள். மெத்தையோ அப்படி இருந்தது.

"எப்பம்மா கல்யாணம்?"

"ஐப்பசியில" என்று நான்தான் சொன்னேன். ஆவணி என்றால் சீக்கிரம் வாங்கச் சொல்வார்.

கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு மெத்தையின் தரத்தைச் சோதித்தேன். சோதித்து முடித்தபோது மணி ஐந்தேகால்.

ஏப்ரல் 29, புதன்

கறுப்புக் கண்ணாடி போட்டுப் பார்த்தோம். உத்திதான்.

மே 6, புதன்

எஸ்கலேட்டரில் ஏறிவிட்டோம். சாந்தாமணி பயத்தில் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நகக்குறி மட்டும் அவள் கையில் விழுந்திருக்கிறது. எப்படி என்று தெரியவில்லை.

மே 8, வெள்ளி

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன். இன்று சினிமாவுக்குப் போனோம்.

மாலின் மேல் தளத்தில் தியேட்டர்கள் இருக்கின்றன. சுவரொட்டி முன்னால் சாந்தாமணி நின்றுவிட்டாள். கல்யாணமானபின் தியேட்டருக்குப் போனதே இல்லையாம். "மொதல்ல மாமியார் விடலைங்க. அவிங்க போனப்புறம் இவரு விடலைங்க. அப்புறம் நானே கேக்கலைங்க" என்றாள். உத்திக்கு இது அருமையான வாய்ப்பு. உடனே இரண்டு டிக்கெட் வாங்கினேன்.

படத்தில் நூறு பேர் துப்பாக்கியோடு ஒருவனைத் துரத்துகிறார்கள். அந்தச் சமயம் பார்த்துச் சாந்தாமணியின் போன் அடித்தது. அவள் வீட்டுக்காரர் சென்னியப்பன். ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கிறார். கல்யாணப் பந்தியிலேயே சாம்பாரில் உப்பில்லை என்று சமையல்காரரைக் கூப்பிட்டுக் கத்தியவர்.

"எடுக்காட்டி ஓயமாட்டாருங்க. எடுத்தா இந்தச் சத்தம் கேக்குமுங்க" என்று அவள் போனை மடிக்குள் ஒளிக்கப் பார்த்தாள்.

போனைப் பிடுங்கிக் காதில் வைத்தேன். "அண்ணாச்சி, நான் மங்கையர்க்கரசி பேசுதேன். மதினி சாமி கும்பிட்டுட்டு இருக்காவ."

"என்னுங்க அது, டப்பு டப்புன்னு சத்தம்?"

"தேரோட்டம். வேட்டுப் போடுதாவ."

அப்போது படத்தில் கதாநாயகி வீலென்று கத்தினாள்.

"அது யாருங்க?"

"ஒரு பொம்பளைக்குச் சாமி வந்துட்டு அண்ணாச்சி. ஆடுதா."

மறுமுனையில் குரல் பணிவானது. "அப்பிடியே மஞ்சள் வெல ஏறோணும்னு சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க சம்பந்தியம்மா."

கேட்டேன். பக்கத்து இருக்கையில் சாந்தாமணி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். "ஏறுமாம்" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

பிறகு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முன் இருக்கைக்காரர் திரும்பி, "கொஞ்சம் சத்தம் போடாம பாருங்கம்மா" என்றார். எத்தனையோ பெண்களை வாயைப் பொத்தச் சொன்னவள் நான். என்னை இப்படி ஒருவர் சொன்னது இதுதான் முதல் தடவை.

இந்த ஒரு விஷயத்தை நாதனிடம் சொன்னால் போட்டி முடிந்தது. சரியான நேரம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மே 11, திங்கள்

இன்னும் சரியான நேரம் வரவில்லை.

மே 14, வியாழன்

சாப்பாட்டுத் தளத்தில் பழச்சாற்றுக் கடை. வரிசை நகர்ந்து எங்கள் முறை வந்தது. "உங்களுக்கு என்ன வேணும்மா?" என்று கடைக்காரப் பெண் சாந்தாவைக் கேட்டாள். சாந்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி பலகையைப் பார்த்தாள். பின்னால் நின்றவர்கள் உச்சுக் கொட்டும்வரை நின்றாள்.

"எதையாவது சொல்லுங்க மதினி" என்றேன்.

"என்ன புடிக்கும்னு யோசிக்கறனுங்க" என்றாள். கடைசியில் சப்போட்டா சொன்னாள். குடித்துப் பார்த்துவிட்டு, அது பிடிக்கவில்லை என்று சந்தோஷமாகச் சொன்னாள். இன்னொன்று வாங்கினோம்.

உட்கார்ந்திருந்தபோது கேட்டாள். "பாளையங்கோட்டைல சாயங்காலமானா நீங்க என்னுங்க பண்ணுவீங்க?"

"எனக்கா? வேலை தலைக்கு மேல இருக்கும்" என்றேன். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதைச் சொன்னேன். பால் வாங்குவதைச் சொன்னேன். செய்தி கேட்பதைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் இருந்தபோது ஏழு மணிக்கு இருவரும் மார்க்கெட் வரை நடப்போம் என்பதையும், அவர் போனபின் நடப்பதில்லை என்பதையும் சொன்னேன். அதற்குமேல் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. எலுமிச்சைச் சாறு புளித்தது.

அவள் தன் கிளாசை என் பக்கம் நகர்த்தினாள். மாம்பழம். நன்றாக இருந்தது.

மே 19, செவ்வாய்

நாதன் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டான். "அம்மா, ரெண்டு பேரும் தினமும் அங்க என்னதான் பண்றீங்க? அத்தை முகமே மாறிப்போச்சு."

இதுதான் சரியான நேரம்.

"சும்மா நடக்கோம்லே. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காருல்லா" என்றேன்.

சினிமாவைச் சொன்னால் நானும் போனது தெரிந்துவிடும். அதனால்தான் சொல்லவில்லை.

மே 23, சனி

நேற்று தாரணிக்கு மாவுக்கட்டுப் பிரித்துவிட்டார்கள். கால் மெலிந்து, பார்க்கப் பாவமாக இருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி வைக்கிறாள். யார் தங்குவது என்று நாளை பேசலாம் என்று பிள்ளைகள் சொல்லியிருந்தார்கள்.

இன்று மத்தியானம் நாங்கள் அருள்செல்வன் கடையில் இருந்தோம். இப்போதெல்லாம் அவர் எங்களுக்கென்றே ஒரு மெத்தையில் விரிப்பு விரித்து வைத்திருப்பார். நான் தூங்கவில்லை. கண்ணை மூடியிருந்தேன், அவ்வளவுதான். யாரோ நிற்பதுபோல் இருந்தது. திறந்தால் நாதன். அவன் பக்கத்தில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் தோல் பை. சென்னியப்பன்!

மகள் காலைப் பார்க்கவும், மனைவியைக் கையோடு அழைத்துப் போகவும், சொல்லாமல் கொள்ளாமல் ரயிலேறி வந்திருக்கிறார்.

நான் எழுந்து உட்காருவதற்குள் அருள்செல்வன் முந்திக்கொண்டார். "வாங்க சார், வாங்க! மாப்பிள்ளை இவர்தானா?" என்று நாதனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஐப்பசியில கல்யாணம். அம்மா பாத்துப் பாத்துப் பெரிய மெத்தையாச் சொல்லியிருக்காங்க சார் உங்களுக்கு."

"யாருக்குக் கல்யாணம்? எனக்கா?" என்றான் நாதன்.

"வெக்கப்படுறாரு" என்றார் அருள்செல்வன்.

சென்னியப்பன் கண்கள் மாப்பிள்ளை மேல் திரும்பின. நிலைமை வேறு எங்கோ போவதைப் பார்த்து, "அது ஒரு தமாஷ் அண்ணாச்சி" என்றேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. "சாந்தா! பொண்ணு கால் ஒடிஞ்சு கெடக்குறா, நீ கடைல வந்து படுத்துத் தூங்கறயா? என்ன கூத்து இது? கெளம்பு. சாயங்கால வண்டிக்கே போறோம்" என்று கத்தினார். பக்கத்துக் கடைகளில் இருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சாந்தா எழுந்தாள். கொண்டையைச் சரி செய்தாள். வழக்கம்போலப் பயந்துவிடுவாள் என்று நினைத்தேன். "கத்தாதீங்க. காலைல இருந்து வண்டில உக்காந்தே வந்திருப்பீங்க. சித்தெ உக்காருங்க" என்றாள்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

"உக்காருங்கன்னு சொல்றனல்லங்க."

உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவர் முகத்தில் ஒரு மாற்றம் வந்தது. கையால் மெத்தையை அமுக்கினார். மறுபடி அமுக்கினார்.

"முதுகு வலி இருக்கா சார்?" என்றார் அருள்செல்வன்.

"இருக்குது."

"இப்பிடிச் சாஞ்சு பாருங்க. ஒரு நிமிஷம்."

சாய்ந்தார். காலை மேலே போட்டார். தோல் பையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். "நீ கெளம்பு" என்று இன்னொரு தடவை சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாயில் இருந்து குறட்டை வந்தது.

"ஒரு மணி நேரமாகுமுங்க" என்றாள் சாந்தா. "மாப்பிள்ளை, மாமாவச் சித்தெ பாத்துக்குங்க. நாங்க காபி குடிச்சுட்டு வந்தர்றோம்."

நாதன் எங்களைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சின்ன வயதில் நான் அவனைப் பார்த்த பார்வை அது.

காபிக் கடையில் சாந்தா கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "போய்த்தானுங்க ஆகோணும். வூட்டு ஆம்பளை வந்து கூப்பிட்டுப் போட்டாரு. நீங்க இருந்து பாத்துக்குங்க. உங்ககிட்டன்னா தாரணி பயந்துட்டாச்சும் நடப்பா" என்றாள். சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

போட்டியில் நான் ஜெயித்துவிட்டேன். இதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன். ஒரு வார்த்தையும் பேசாமல் காபியைக் குடித்திருந்தால் போதும்.

"மதினி, எனக்கு ஊர்ல வேலை கெடக்கு. வீட்டைப் பூட்டிப் போட்டு எத்தனை நாளாச்சு? நான்தான் போகணும். நீங்க இருங்க" என்றேன்.

"அவரு விடமாட்டாருங்க."

"அவர நான் பாத்துக்கிடுதேன்."

கடைக்குத் திரும்பியபோது அவர் விழித்து, மெத்தையின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். முகம் குழந்தை முகமாக இருந்தது. நேரே போய் நின்றேன். "அண்ணாச்சி, நான் திங்கக்கிழமை ஊருக்குப் போறேன். அவசரம். தாரணி இன்னும் சுவரைப் பிடிச்சுத்தான் நடக்கா. பெத்த தாயும் போயிட்டான்னா பிள்ளை யாரைப் பிடிச்சு நடப்பா? நீங்களே சொல்லுங்க."

அவர் கழுத்தைத் தடவினார். "அங்க எனக்குச் சோறு?"

"மண்டிக்கு எதுத்தாப்புல மெஸ் இருக்குதுங்க" என்றாள் சாந்தா. "உங்களுக்கு உப்பு பத்தலைன்னா அவங்க போட்டுக் குடுப்பாங்க."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். நல்ல நேரம் பார்த்து, தள்ளுபடி இன்றோடு முடிகிறது என்று அருள்செல்வன் குறுக்கே புகுந்தார். பேரம் நடந்தது. மனைவியை அழைத்துப் போக வந்தவர் கடைசியில் மெத்தையை அழைத்துப் போனார்.

வீட்டுக்கு வரும் வழியில் நாதன் என் காதருகே, "எனக்கு யாரும்மா பொண்ணு பாத்தீங்க?" என்றான். "வாயை மூடுலே" என்றேன்.

மே 25, திங்கள்

ரயிலில் எழுதுகிறேன். சாந்தா ஸ்டேஷனுக்கு வந்தாள். பிளாஸ்க்கில் காபி கொடுத்தாள். சர்க்கரை அதிகம்தான். வண்டி நகர்ந்தபின், வாசலில் நின்ற என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். "ஏ மதினி, விழுந்து வைக்காதீங்க" என்று அதட்டினேன். தூசி கண்ணில் விழுந்தது. ஏசி பெட்டியாக இருந்தாலும் தூசி வரத்தான் செய்கிறது.

மே 28, வியாழன்

செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். பால் வாங்கினேன். செய்தி கேட்டேன்.

ஜூன் 1, திங்கள்

செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

ஜூன் 4, வியாழன்

ஏழு மணிக்கு மார்க்கெட் வரை நடந்துவிட்டு வந்தேன். தெரு அப்படியேதான் இருக்கிறது. சாந்தா போன் செய்தாள். மாலுக்குத் தனியாகப் போனாளாம். நன்றாக இல்லையாம். இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசினோம். பேசியதில் சில விஷயங்களை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை.

ஜூன் 9, செவ்வாய்

காலையில் நாதன் போன் செய்தான். பதறிப்போய் இருந்தான். "அம்மா, அத்தைக்குத் திடீர்னு முட்டி வலி. குனிய முடியல, நிமிர முடியல. தாரணியை யாரு பாக்க, அத்தையை யாரு பாக்க? நீங்க கெளம்பி வாங்கம்மா."

"ஐயோ பாவமே" என்றேன். பிறகு, எனக்கு இங்கே வேலை இருக்கிறதே என்று இழுத்தேன். அவன் கெஞ்சினான். யோசிக்க வேண்டும் என்றேன். தாரணி போனை வாங்கி, "அத்தை, ப்ளீஸ் அத்தை" என்றாள். அந்தப் பெண் என்னிடம் இப்படிக் கெஞ்சி நான் கேட்டதே இல்லை. இன்னும் கொஞ்சம் கேட்டுவிட்டு, சரி என்றேன்.

கடைசியாக நோயாளியிடம் போனைக் கொடுத்தார்கள். குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது. "சம்பந்தி… வந்துருவீங்களா சம்பந்தி…" பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்துவிட்டார்கள் போல. குரல் சட்டென்று கிணற்றைவிட்டு மேலே ஏறியது. "வெள்ளிக்கெழமை புதுப் படமுங்க. நீங்க சொன்னாப்புலயே பண்ணிப்போட்டேன். சரியா இருந்துச்சுங்களா?"

"முனகல் ஒரு பங்கு அதிகம். வலி எந்த முட்டின்னு சொன்னிய?"

"மாப்பிள்ளைகிட்ட எடதுன்னனுங்க. தாரணிகிட்ட வலதுன்னு வாயில வந்துருச்சுங்க."

விடுதியில் பொய் வயிற்றுவலிகளைப் பார்த்தே தலை நரைத்தவள் நான். மாட்டிக்கொள்கிற இடம் எப்போதும் இதுதான். "ரெண்டும்னு சொல்லிருங்க. நான் வாரதுவரைக்கும் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது" என்று சொல்லி வைத்தேன்.

பாவம், சாந்தா. அவள் முட்டி குணமாக எவ்வளவு காலம் ஆகும் என்று சொல்வதற்கில்லை. பெரிய பெட்டியையே எடுத்திருக்கிறேன்.